கோழியில் ஐஜிஏ தேடுகிறீர்களா? எந்த முறை யாருக்குப் பொருந்தும்

குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்தாகத் தடுப்பூசி கொடுத்தாயிற்று. மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்து எச்ஐ சோதனை (வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதை எதிர்ப்பொருள் தடுக்கிறதா என்று பார்ப்பது) செய்தால் டைட்டர், அதாவது எதிர்ப்பொருளின் அளவு, பெரிதாக ஏறவில்லை. ஆனால் அதே குஞ்சுகளுக்கு வீரிய வைரஸைக் கொடுத்துப் பார்த்தால் தாக்குப்பிடிக்கின்றன. "பாதுகாப்பு சளிச்சவ்வில்தான் இருக்கணும், ஐஜிஏ அளந்து காட்டிடு" என்கிறார் வழிகாட்டி. ஐஜிஏ என்பது சளிச்சவ்வுகளில் சுரக்கும் எதிர்ப்பொருள் வகை. தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மறைமுக எலைசாவா, பிடிப்பு எலைசாவா, எலிஸ்பாட்டா, திசு வெட்டா, பிசிஆரா? ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் இது திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை கருவியால் வருவதில்லை. எந்த இடத்து மாதிரியை எடுத்தோம், எந்தக் குப்பியிலிருந்து இரண்டாம் எதிர்ப்பொருளை (மாதிரியின் எதிர்ப்பொருளைப் பிடித்துக் காட்டும் எதிர்ப்பொருள்) ஊற்றினோம் என்ற இரண்டிலேயே கதை முடிந்துவிடுகிறது. அதனால் முறைகளுக்கு வருவதற்கு முன் அந்த இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோழி இறகு முளைத்த எலி அல்ல

கோழியில் எதிர்ப்பொருள் வகைகள் மூன்றுதான்: ஐஜிஎம், ஐஜிஒய், ஐஜிஏ. ஐஜிஈ கிடையாது. பழைய கட்டுரைகளில் "கோழி ஐஜிஜி" என்று வருவது ஐஜிஒய்யைத்தான். 1969இல் லெஸ்லியும் கிளெமும் அதற்குத் தனிப்பெயர் முன்மொழிந்தது சும்மா இல்லை. எதிர்ப்பொருள் என்பது கனச் சங்கிலிகளும் லேசான சங்கிலிகளும் சேர்ந்த புரதம். பாலூட்டி ஐஜிஜியின் கனச் சங்கிலியில் மூன்று நிலைப் பகுதிகள், நடுவே வளைந்துகொடுக்கும் கீல். ஐஜிஒய்யில் நான்கு நிலைப் பகுதிகள், கீல் இல்லை. எடையும் கூடுதல்: ஐஜிஜி சுமார் 150 கிலோடால்டன், ஐஜிஒய் சுமார் 180. புரோட்டீன் ஏ, புரோட்டீன் ஜி இரண்டிலும் அது ஒட்டாது. எலி, முயல் சீரத்தில் செய்வதுபோல மணிகளைப் போட்டு ஐஜிஜியை உருவியெடுக்கும் வேலை இங்கே நடக்காது. இதைத் தெரியாமல் ஒரு முழு நாளை வீணாக்கியவர்கள் ஏராளம்.

கோழி ஐஜிஏவும் தனி ரகம். அதன் கனச் சங்கிலியிலும் நான்கு நிலைப் பகுதிகள். சுரப்புகளில் அது ஒற்றையாக வராது, இரட்டையாகவும் அதைவிடப் பெரிய கூட்டாகவும் வரும். அதைச் சளிச்சவ்வு கடந்து வெளியே தள்ளும் ஏற்பியின் மரபணு 2004இல் பிரித்தறியப்பட்டது. பாலூட்டியின் ஏற்பியில் ஐந்து பகுதிகள் இருக்க, கோழியில் நான்குதான். குடலுக்குப் போய்ச் சேரும் ஐஜிஏவில் கணிசமான பங்கு பித்தநீர் வழியாக வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, உறைபோர்த்திய நிணநீர்க் கணுக்கள் கோழிக்கு இல்லை. சளிச்சவ்வு எதிர்ப்பின் பட்டறைகள் வேறு இடங்களில் இருக்கின்றன: கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி, இமைகளின் உட்புறம், மூச்சுக்கிளைகளின் சந்திகள், குடலில் பேயர் திட்டுகள், சீகத்தின் (குருட்டுக்குடல்) வாயில் சீகல் டான்சில்கள். எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் உருவாகும் பர்சா என்ற உறுப்பு தனி. 1956இல் கிளிக் குழுவினர் பர்சாவை அகற்றிய கோழிகளில் எதிர்ப்பொருள் சரியாக உருவாகாததைப் பார்த்ததிலிருந்துதான் "பி செல்" என்ற பெயருக்கே வழி பிறந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: கோழியில் லேசான சங்கிலி லாம்ப்டா ஒன்றுதான், கப்பா இல்லை. அதாவது மூன்று வகை எதிர்ப்பொருள்களும் ஒரே லேசான சங்கிலியைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு வரிதான் பல ஆய்வேடுகளின் முடிவுகளைத் தலைகீழாக்கும்.

எதை வைத்து எடை போடுவது

முறையைத் தேர்வதற்கு முன் இவற்றுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்த ஐஜிஏ வேண்டுமா, குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான ஐஜிஏ வேண்டுமா? இரண்டும் வேறு வேறு. குடல் அழற்சி வந்தால் மொத்த ஐஜிஏ ஏறும், தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

அது அங்கேயே உற்பத்தியானதா, ரத்தத்திலிருந்து கசிந்ததா? சளிச்சவ்வு எதிர்ப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மூச்சுக்குழாய்க் கழுவுநீரில் ஐஜிஒய் எப்போதும் இருக்கும், அதில் பெரும்பகுதி கசிவுதான்.

குஞ்சுடையதா, தாயுடையதா? முட்டையின் மஞ்சள் கருவில் ஐஜிஒய் நிறைந்திருக்கிறது, வெள்ளைக் கருவில் ஐஜிஏவும் ஐஜிஎம்மும். குஞ்சு பொரிக்கும்போதே இந்தச் சீதனத்தோடு வருகிறது. முதல் சில வாரங்களில் வயது சொல்லாமல் ஐஜிஒய் அளவைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அதே கோழியை வாரவாரம் பார்க்க வேண்டுமா, அல்லது ஒவ்வொரு நாளுக்கும் சில கோழிகளைப் பலியிட முடியுமா?

கடைசியாக, கைக்கு எட்டுவது என்ன? ரீஏஜெண்ட், ஃப்ரீசர், அன்றே வேலையை முடிக்க ஆள்.

மாதிரியிலேயே பாதித் தீர்ப்பு

கண்ணீர் எனக்குப் பிடித்த மாதிரி. ஹார்டேரியன் சுரப்பியின் வேலையை நேரடியாகக் காட்டுகிறது, கோழியைக் கொல்ல வேண்டாம், வாரவாரம் எடுக்கலாம். கண்ணில் சில உப்புத் துகள்களை வைத்தால் கண்ணீர் சுரக்கும், மைக்ரோபிப்பெட்டால் எடுத்துக்கொள்ளலாம். வடிதாளால் ஒற்றியெடுப்போரும் உண்டு. ஆனால் கிடைப்பது சில பத்து மைக்ரோலிட்டர்கள்தான். தூண்டிச் சுரக்கவைத்த கண்ணீர் நீர்த்துப்போயிருக்கும், ஒரு கோழி நிறையச் சுரக்கும், இன்னொன்று கஞ்சத்தனம் காட்டும். எனவே மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று எழுதுவது ஏமாற்று. குறிப்பிட்ட ஐஜிஏவை மொத்த ஐஜிஏவால், அல்லது மொத்தப் புரதத்தால் வகுத்துச் சொல்லுங்கள். இமையைக் கீறிவிட்டு ரத்தம் கலந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். ஒரு துளி ரத்தம் போதும், ஐஜிஒய் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

மூச்சுக்குழாய்க் கழுவுநீருக்கு பெரும்பாலும் கோழியைக் கொல்ல வேண்டும். எவ்வளவு திரவம் விட்டோம், எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கை எழுதி வைக்காதவர்கள் பிறகு வருந்துவார்கள். கசிவை அறிய அல்புமினையும் சேர்த்து அளப்பது நல்ல பழக்கம். கழுவுநீரில் அல்புமினோடு சேர்ந்து ஏறும் ஐஜிஒய் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து வந்தது. அல்புமின் ஏறாமல் ஐஜிஏ மட்டும் ஏறினால் அங்கேயே ஏதோ நடக்கிறது.

பித்தநீரில் ஐஜிஏ கொட்டிக் கிடக்கும், சீரத்தைவிடப் பல மடங்கு. எனவே முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேர்மறைக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் பச்சைப் பித்தநீரை அப்படியே குழியில் ஊற்றினால் பித்த உப்புகள் சோப்புபோலச் செயல்பட்டு எதையும் ஒட்டவிடாது. நன்றாக நீர்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

குடல் கழுவுநீரில் செரிமான நொதிகள் எதிர்ப்பொருளையும் விட்டுவைப்பதில்லை. புரதச்சிதைவுத் தடுப்பான்கள் கலந்த குளிர்ந்த திரவத்தில் எடுத்து, பனிக்கட்டியிலேயே வைத்து, வண்டலைச் சுழற்றிப் பிரித்து உடனே உறைய வைக்க வேண்டும். எச்சத்தை எடுப்பது சுலபம், மீண்டும் மீண்டும் எடுக்கலாம். ஆனால் பறவையின் எச்சத்தில் சிறுநீரும் கலந்தே வருகிறது. போதாததற்கு சீகத்திலிருந்து வரும் எச்சம் வேறு, குடலிலிருந்து வரும் எச்சம் வேறு, பார்த்தாலே நிறத்தில் தெரியும். இரண்டையும் ஒரே குழாயில் போட்டுக் கலக்காதீர்கள்.

சீரத்தை மட்டும் எடுத்துச் சளிச்சவ்வைப் பற்றி முடிவு எழுதுவது, வாசலில் நின்றுகொண்டு சமையலறையில் என்ன கொதிக்கிறது என்று சொல்வது போன்றது. சில நேரம் சரியாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து.

குப்பியின் லேபிள்

ரீஏஜெண்ட் பட்டியலில் "ஆன்டி-சிக்கன் ஐஜிஒய்" என்று பார்த்ததும் வாங்கிவிடுகிறோம். முழு மூலக்கூறைச் செலுத்தித் தயாரித்த பாலிகுளோனல் (பல இடங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கலவை) என்றால் அது கனச் சங்கிலியையும் பிடிக்கும், லேசான சங்கிலியையும் பிடிக்கும். லேசான சங்கிலி மூன்று வகைக்கும் பொதுவானது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அந்தக் குப்பி ஐஜிஏவையும் ஐஜிஎம்மையும் "ஐஜிஒய்" என்று கணக்கில் சேர்க்கும். பித்தநீரில் ஐஜிஒய் மிக அதிகம் என்று ஒரு முடிவு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோழியை அல்ல, குப்பியை.

லேபிளில் தேட வேண்டியது இது: கனச் சங்கிலிக்கு மட்டும், அல்லது எஃப்சி பகுதிக்கு (கனச் சங்கிலிகளின் வால் பகுதி) மட்டும் உரியதா? ஐஜிஏ என்றால் அதன் கனச் சங்கிலியான ஆல்ஃபா சங்கிலிக்கு உரியதா? மற்ற வகைகளோடு ஒட்டாதபடி வடிகட்டப்பட்டதா? மோனோகுளோனல் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிப்பதால் ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் சில குளோன்கள் வேலை செய்யாது.

லேபிளை நம்பினாலும் ஒருமுறை சொந்தமாகச் சரிபாருங்கள். தட்டில் ஒரு வரிசைக் குழிகளில் நீர்த்த பித்தநீர், இன்னொன்றில் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஐஜிஒய், இரண்டையும் பூசி மூன்று கான்ஜுகேட்களையும் (நிறம் தரும் நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள்கள்) மாற்றி மாற்றி ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஐஜிஏ கான்ஜுகேட் நிறம் காட்டக்கூடாது. அரை நாள் வேலைதான்.

வாத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வாத்தின் ஐஜிஒய்யில் கடைசி இரண்டு நிலைப் பகுதிகள் இல்லாத குட்டை வடிவமும் உண்டு. எஃப்சியைத் தேடும் ரீஏஜெண்ட் அதைக் கோட்டைவிட்டுவிடும். கோழிக்கான திட்டத்தை அப்படியே வாத்துக்கு மாற்றாதீர்கள்.

மறைமுக எலைசா

தட்டில் கிருமியின் ஆன்டிஜென்னை (எதிர்ப்பொருள் பிடிக்கும் பொருள்) பூசி, மாதிரியை ஊற்றி, வகைக்குரிய கான்ஜுகேட்டால் கண்டறிவது. பெரும்பாலான ஆய்வகங்களில் இதுதான் நடக்கிறது, காரணமும் இருக்கிறது. ஒரே தட்டில் மூன்று வகைகளையும் பார்க்கலாம், நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஓட்டலாம், உறைய வைத்த மாதிரியே போதும், மாதிரியும் கொஞ்சம்தான் செலவாகும்.

ஆனால் குழியின் அடியில் ஒரு போட்டி நடப்பது வெளியே தெரியாது. மாதிரியில் ஐஜிஒய் மிகுந்திருந்தால் அது ஆன்டிஜென்னின் இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும், ஐஜிஏ வெளியே நிற்கும். நீங்கள் காண்பது குறைவான ஐஜிஏ. சீரத்தில் இது மோசம், மூச்சுக்குழாய்க் கழுவுநீரிலும் ஓரளவு உண்டு. கண்ணீரிலும் பித்தநீரிலும் தொல்லை குறைவு. மாதிரியைத் தொடர்ந்து நீர்த்துப் பார்க்கும்போது ஐஜிஏ நிறம் முதலில் ஏறிப் பிறகு இறங்கினால் போட்டி நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இன்னொரு மறைமுகச் செலவு பின்னணி நிறம். பூசிய வைரஸும் தடுப்பூசி வைரஸும் ஒரே வகைச் செல்லில், ஒரே மாட்டு சீரத்தில் வளர்ந்தவை என்றால், கோழி அந்த மாட்டுப் புரதத்துக்கும் எதிர்ப்பொருள் வைத்திருக்கக்கூடும். வைரஸ் இல்லாத செல் சாற்றைப் பூசிய குழிகளைக் கட்டாயம் பக்கத்தில் ஓட்டி, அந்த மதிப்பைக் கழியுங்கள். மாட்டு அல்புமினால் தட்டை அடைப்பதும் இதே காரணத்தால் சில மந்தைகளில் தொல்லை தரும்.

அளவை மில்லிகிராமில் சொல்ல ஆசைப்பட்டால் தரநிலை வேண்டும். பித்தநீரிலிருந்து பிரித்த ஐஜிஏ பெரும்பாலும் கூட்டு வடிவம், சீரத்தின் ஐஜிஏ வேறு. இரண்டும் ஒரே வளைவில் உட்காராது. ஒப்பீட்டு அலகோடு திருப்திப்படுவது நேர்மையானது.

பிடிப்பு எலைசா

இங்கே வரிசை தலைகீழ். முதலில் தட்டில் ஆல்ஃபா சங்கிலியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பூசுகிறோம். மாதிரியிலிருந்து ஐஜிஏ மட்டும் ஒட்டும், ஐஜிஒய் கழுவும்போது போய்விடும். பிறகு குறியிட்ட ஆன்டிஜென்னை ஊற்றி, ஒட்டிய ஐஜிஏவில் எவ்வளவு அதைப் பிடிக்கிறது என்று பார்க்கிறோம். போட்டித் தொல்லை தீர்ந்தது. சீரத்திலும் மூச்சுக்குழாயிலும் ஐஜிஏவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைத்தான் நான் நம்புவேன்.

விலையும் உண்டு. ஆன்டிஜென் தூய்மையாக இருக்க வேண்டும், அதில் பயோட்டின் போன்ற குறி ஏற்ற வேண்டும், அல்லது அதற்கெதிரான மோனோகுளோனல் கையில் இருக்க வேண்டும். மாதிரியின் மொத்த ஐஜிஏவில் குறிப்பிட்ட ஐஜிஏவின் பங்கு மிகச் சிறியது என்றால் பிடிக்கும் இடமெல்லாம் மற்ற ஐஜிஏவால் நிரம்பிவிடும், சமிக்ஞை பலவீனமாகும். பித்தநீரில் இது நிகழ வாய்ப்பு அதிகம். ஆக, மறைமுக எலைசா சிறப்பாக ஓடும் இடத்தில் பிடிப்பு எலைசா திணறும், இது ஓடும் இடத்தில் அது திணறும். இரண்டில் ஒன்று எப்போதும் மேல் என்று யாராவது சொன்னால் அவர் எந்த மாதிரியில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள்.

எலிஸ்பாட்

திரவத்தை விட்டுவிட்டு, சுரக்கும் செல்லையே எண்ணுவது. ஹார்டேரியன் சுரப்பியிலிருந்தோ சீகல் டான்சிலிலிருந்தோ செல்களைப் பிரித்து, ஆன்டிஜென் பூசிய சவ்வின் மேல் விட்டால், ஒவ்வொரு எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லும் ஒரு புள்ளியை விட்டுச்செல்லும். அந்த இடத்திலேயே உற்பத்தி நடக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை. தாயின் எதிர்ப்பொருள் புள்ளியிடாது, எனவே இளங்குஞ்சு ஆய்வுகளுக்கு இது வரம்.

ஆனால் உழைப்பு கடுமை. உயிருள்ள செல் வேண்டும், அறுத்த அன்றே தட்டில் போட வேண்டும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பாலூட்டிச் செல்லுக்கான 37 டிகிரியில் வைப்பதா 41இல் வைப்பதா என்று முன்னோட்டம் பார்த்து, ஆய்வு முழுக்க அதையே கடைப்பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒருவரால் பத்துப் பன்னிரண்டு கோழிகளுக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது என்பது என் கணிப்பு. சிறு குழுக்களில், ஆழமான கேள்விக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திசு வெட்டில் நிறமேற்றம்

எங்கே என்ற கேள்விக்குப் படமாகவே விடை. ஹார்டேரியன் சுரப்பியில் பிளாஸ்மா செல்கள் அடர்ந்து நிற்பதை, குடல் விரல்களின் நடுவே ஐஜிஏ செல்கள் வரிசையாக நிற்பதை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. பழைய மெழுகுக் கட்டிகளையும் பயன்படுத்தலாம். ஆனால் எந்தக் கிருமிக்கு எதிரானது என்று சொல்லாது. எண்ணுவது அகவயமானது, மாதிரி எந்தக் குழு என்று தெரியாதவர் எண்ண வேண்டும். உறைந்த வெட்டில் எளிதாக வேலை செய்யும் குளோன் ஃபார்மலின் வெட்டில் மௌனமாகிவிடலாம், வாங்குமுன் கேளுங்கள்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி

செல்களுக்கு ஒளிரும் குறி ஏற்றி, ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுவது. கருத்தளவில் அழகு, கோழியில் சிக்கல். கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, த்ராம்போசைட்டுக்கும் உண்டு. பாலூட்டி ரத்தத்துக்கான சிவப்பணு கரைப்பான் இங்கே கைகொடுக்காது, அடர்த்திச் சரிவில் பிரிக்க வேண்டும். பியு-1 குறியால் பி செல்களைப் பிடிக்கலாம், ஆனால் பிளாஸ்மா செல்லாக மாறும்போது அந்தக் குறி மங்கிவிடுகிறது, நீங்கள் தேடுவதோ பிளாஸ்மா செல்லை. இன்னொரு பொறி: ஐஜிஒய்யைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகள் கோழியின் வெள்ளணுக்களில் உள்ளன. செல்லின் மேல் ஐஜிஒய் தெரிந்தால் அது அந்தச் செல் செய்ததா, வெளியிலிருந்து ஒட்டியதா என்பது உடனே தெரியாது. பர்சாவின் வளர்ச்சியைப் பின்தொடர்பவருக்கு இது சிறந்தது. தடுப்பூசியின் ஐஜிஏவைத் தேடுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்டி-கியூபிசிஆர்

எதிர்ப்பொருளே வேண்டாம், ப்ரைமர் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆல்ஃபா, மியூ, உப்சிலான் சங்கிலிகளின் (முறையே ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிஒய்யின் கனச் சங்கிலிகள்) எம்ஆர்என்ஏ அளவை, அதாவது புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகலின் அளவைப் பார்க்கிறோம். ரத்தக் கசிவும் தாய் வழங்கிய எதிர்ப்பொருளும் கணக்கில் வராது, ஏனென்றால் தாயிடமிருந்து வருவது புரதம், எம்ஆர்என்ஏ அல்ல. திசுத் துண்டு சின்னதாக இருந்தாலும் போதும். ஏற்பி மரபணுவையும் அதே மாதிரியில் பார்த்துவிடலாம், ஐஜிஏ உற்பத்தியாகியும் வெளியே போகவில்லையா என்ற கேள்விக்கு அது துணை.

குறைகளும் உண்டு. ஆன்டிஜென்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தடுப்பூசிக்குப் பின் பி செல்கள் அந்தத் திசுவுக்குள் குவிந்தாலே எல்லா எண்ணும் ஏறும், அதை வகைமாற்றம் (பி செல் ஒரு வகை எதிர்ப்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) என்று எழுதிவிடக்கூடாது. ஐஜிஎம் எண்ணில் சுரக்கும் வடிவமும் செல் மேல் நிற்கும் வடிவமும் கலந்திருக்கும், ப்ரைமர் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். கட்டுரையில் "ஐஜிஏ அதிகரித்தது" என்று எழுதாமல் "ஐஜிஏ எம்ஆர்என்ஏ அதிகரித்தது" என்று எழுதுவது சின்னத் திருத்தம், ஆனால் மதிப்பீட்டாளரிடம் திட்டு வாங்குவதைத் தடுக்கும்.

வரிசைப்படுத்தலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும்

கோழியில் கனச் சங்கிலிக்குச் செயல்படும் வி மரபணு (ஆன்டிஜென்னைப் பிடிக்கும் நுனிக்கானது) ஒன்றுதான். அருகிலுள்ள போலி மரபணுக்களிலிருந்து துண்டுகளைக் கடன்வாங்கிப் பன்மையை உருவாக்கிக்கொள்கிறது. அதனால் ஒரே முன் ப்ரைமரையும் வகைக்குரிய பின் ப்ரைமரையும் வைத்து முழுத் தொகுப்பையும் பெருக்கிவிடலாம். மனிதனில் இவ்வளவு சுலபமில்லை. சுமை பகுப்பாய்வில் வந்து விழும்: பல வி மரபணுக்களில் எது தேர்வானது என்று கேட்கும் மென்பொருள்கள் இந்தக் கடன்வாங்கலைப் பிழையாகவோ மிகையான மாற்றமாகவோ காட்டும். கணினி தெரிந்த கூட்டாளி இல்லாமல் இறங்காதீர்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி ரீஏஜெண்ட் தொல்லையே இல்லாமல் வகையைச் சொல்லும், ஆனால் இலக்கைச் சொல்லாது. புதிய பறவை இனத்தில் கான்ஜுகேட்டே கிடைக்காதபோது நினைத்துப் பாருங்கள்.

ஜெல்லில் ஓட்டி எடை பார்த்துப் பிரிக்கலாமே என்றும் கேட்பார்கள். பிணைப்புகளை உடைத்த ஜெல்லில் மூன்று கனச் சங்கிலிகளும் ஏறத்தாழ பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், வெறும் எடையை வைத்துச் சொல்ல முடியாது. மெர்காப்டோஎத்தனால் போட்டு ஐஜிஎம்மை உடைத்து, மிஞ்சுவது ஐஜிஒய் என்று கணக்கிடும் பழைய முறை ஆட்டுச் சிவப்பணு ஆய்வுகளில் இன்னும் வாழ்கிறது. சீரத்துக்குச் சரி, ஐஜிஏ பற்றி அது வாயே திறக்காது.

ஒரே பார்வையில்

| முறை | இலக்கு தெரியுமா | உள்ளூர் உற்பத்தியா | அதே கோழியில் மீண்டும் | உறைந்த மாதிரி | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| மறைமுக எலைசா | ஆம் | மாதிரியைப் பொறுத்து | ஆம் | போதும் | ஐஜிஒய் போட்டி, பின்னணி நிறம் |
| பிடிப்பு எலைசா | ஆம் | மாதிரியைப் பொறுத்து | ஆம் | போதும் | தூய ஆன்டிஜென், குறியேற்றம் |
| எலிஸ்பாட் | ஆம் | ஆம் | இல்லை | ஆகாது | ஆள், நேரம் |
| திசு நிறமேற்றம் | இல்லை | ஆம் | இல்லை | ஆகும் | எண்ணுபவரின் கண் |
| ஃப்ளோ | பொதுவாக இல்லை | ஓரளவு | ரத்தத்தில் மட்டும் | ஆகாது | சிவப்பணுத் தொல்லை |
| ஆர்டி-கியூபிசிஆர் | இல்லை | ஆம் | இல்லை | முறையாகப் பாதுகாத்தால் | செல் குவிவு ஏமாற்றும் |
| வரிசைப்படுத்தல் | மறைமுகமாக | ஆம் | ரத்தத்தில் மட்டும் | முறையாகப் பாதுகாத்தால் | பகுப்பாய்வு |

யாருக்கு எது

பெரிய மந்தைத் தடுப்பூசி ஒப்பீடு, பல வாரம், கோழியைக் கொல்ல அனுமதி குறைவு என்றால் கண்ணீர் மாதிரியில் மறைமுக எலைசா. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. குடல் கிருமி என்றால் எச்சம் அல்லது குடல் கழுவுநீர், ஆனால் புரதச்சிதைவை ஒரு சிறு முன்னோட்டத்தில் சோதித்துவிட்டு: தெரிந்த அளவு பித்தநீரைக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். பாதி காணாமல் போனால் உங்கள் திரவம் சரியில்லை.

மூச்சுக்குழாயில் ஐஜிஏ பற்றி உறுதியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தால் பிடிப்பு எலைசாவும் அல்புமின் அளவும் சேர்ந்து வேண்டும்.

பொரித்து முதல் மூன்று வாரத்துக்குள் ஆய்வு என்றால் எலைசாவை மட்டும் நம்ப முடியாது. தாயின் பங்கைக் கழிக்கத் தடுப்பூசி போடாத, அதே தாய் மந்தையிலிருந்து வந்த குஞ்சுகள் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்க வேண்டும். கூடவே எலிஸ்பாட்டோ பிசிஆரோ.

ஆய்வுத் தொகை குறைவு, ஒரு முறைதான் வாங்க முடியும் என்றால், கருவிக்குச் செலவிடாமல் ஆல்ஃபா சங்கிலிக்கு உரிய ஒரு நல்ல எதிர்ப்பொருளுக்குச் செலவிடுங்கள். அதே குப்பி எலைசா, எலிஸ்பாட், சில நேரம் உறைந்த திசு வெட்டுவரைக்கும் உழைக்கும். வாங்கும்போதே ஆய்வு முழுவதற்கும் போதுமான அளவு ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். பாலிகுளோனல் தொகுதிக்குத் தொகுதி மாறும்.

தொடக்கத்தில் சொன்ன குஞ்சுகளுக்கு வருவோம். கண்சொட்டுத் தடுப்பூசி, ஏறாத எச்ஐ, ஆனாலும் பாதுகாப்பு. எச்ஐ என்பது வைரஸ் சிவப்பணுவை ஒட்டவைப்பதைத் தடுக்கும் திறனை அளக்கிறது, வகையைச் சொல்வதில்லை, அதுவும் சீரத்தில்தான் பார்த்திருக்கிறோம். முதலில் கண்ணீரில் மறைமுக எலைசா, மூன்று வகைகளும், மொத்த ஐஜிஏவால் வகுத்து. ஒவ்வொரு குழுவிலும் நான்கைந்து கோழிகளின் ஹார்டேரியன் சுரப்பியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எம்ஆர்என்ஏவுக்கும் இன்னொரு பாதியைத் திசு வெட்டுக்கும் எடுத்து வையுங்கள். எலைசாவில் ஒன்றும் தெரியாவிட்டால் பாதுகாப்பு டி செல்களின் வேலையாகவும் இருக்கலாம். அப்போது ஐஜிஏவைத் துரத்திக்கொண்டிருக்காமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். அதற்கும் மண்ணீரலை ஃப்ரீசரில் போட்டால் ஆகாது, அறுத்த அன்றே உயிருள்ள செல்லாகப் பிரிக்க வேண்டும். யார் பிரிப்பது என்பதை அறுக்கும் நாளுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.